சுமந்தோர் இட்ட பாதை

நுழையும்முன்

பயணம் பல வகைப்படும். வழிகாட்டியுடன் குழுவாகச் சென்று, குறித்த இடங்களைக் கண்டு திரும்புவது ஒரு வகை. தேவையான பொருள்களை ஒரே பையில் அடக்கி முதுகில் சுமந்து, உள்ளூர் மக்கள் செல்லும் பேருந்திலும் படகிலும் ஏறி, எளிய விடுதிகளில் தங்கி, இயன்ற இடமெல்லாம் நடந்து செல்வது மற்றொரு வகை. இதனை முதுகுப்பைப் பயணம் என்பர். தென்னமெரிக்காவின் மிகப்பெரிய நாடான பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியில் இத்தகைய பயணத்திற்கு ஏற்ற நகரங்களும் கடற்கரையும் மலைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அங்கு நடப்போர் காண்பது இயற்கை அழகு மட்டுமன்று; அப்பாதைகளை அமைத்த மனிதர்களின் வரலாறும் அவர்கள் கண்முன் விரிகிறது. அதனை விளக்குகிறது இப்பாடம்.

கடலும் மலைச்சுவரும்

பரப்பளவில் பிரேசில் உலகின் ஐந்தாவது பெரிய நாடு. அதன் பரப்பு ஏறத்தாழ 85 இலட்சம் சதுர கிலோமீட்டர். அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிய அதன் கடற்கரை 7,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. இத்துணைப் பெரிய நாட்டை ஒரே பயணத்தில் கண்டுவிட இயலாது. எனவே, ரியோ டி ஜெனிரோ நகரில் தொடங்கி, மேற்கே கடற்கரை வழியாகச் சென்று, மலையேறி உள்நாட்டை அடைந்து, மீண்டும் ரியோவை நோக்கித் திரும்பும் ஒரு சுற்றுப்பாதையை இங்குக் காண்போம்.

இப்பகுதியின் நில அமைப்பை அறிந்துகொண்டால் அதன் வரலாறு எளிதில் விளங்கும். கடலோரத்தில் குறுகிய சமநிலம் உள்ளது. அதனை அடுத்து, செங்குத்தான சுவர்போல மலைத்தொடர் ஒன்று எழுகிறது. போர்த்துக்கீசிய மொழியில் அதன் பெயர் ‘செர்ரா தோ மார்’. ‘கடல் மலைத்தொடர்’ என்பது அதன் பொருள். அதற்கு அப்பால் பரந்த மேட்டுநிலம் விரிகிறது. கடற்காற்று இம்மலைச்சுவரில் மோதி மேலெழுந்து பெருமழையாகப் பொழிகிறது. அம்மழையால் வளர்ந்ததே அட்லாண்டிக் காடு. ஒருகாலத்தில் கரைநெடுகப் பரவியிருந்த இக்காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே.

இம்மலைச்சுவரே இந்நிலத்தின் வாழ்வைத் தீர்மானித்தது. உள்நாட்டில் கிடைத்த பொன்னும் விளைந்த காப்பியும் கப்பலேற வேண்டுமானால் மலையிலிருந்து கீழிறங்க வேண்டும். உப்பும் துணியும் இரும்புக் கருவிகளும் மலைமேல் ஏற வேண்டும். இருப்புப்பாதை வருவதற்கு முன்பு இவற்றைச் சுமந்தவை கோவேறு கழுதைகளின் முதுகுகளும் மனிதர்களின் தோள்களுமே ஆகும்.

பையும் பருவமும்

பயணத்திற்கு முன் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். பிரேசிலின் இப்பகுதி பூமியின் தென்கோளத்தில் உள்ளது. ஆகவே, டிசம்பர் முதல் மார்ச் வரை அங்குக் கோடையும் மழையும் சேர்ந்து வரும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிரும் வறட்சியும் நிலவும். கடற்கரைக்குக் கோடை உகந்தது. மலைநடைக்கோ குளிர்காலமே பாதுகாப்பானது.

பையின் எடை, சுமப்பவர் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படக்கூடாது என்பது நடைபயணிகள் கடைப்பிடிக்கும் பொதுவிதி. இரண்டு அல்லது மூன்று மாற்றுடைகள், மழையுடை, மலையிரவுக்கான கம்பளியாடை, நீர்க்குடுவை, கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவை போதும். மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் பயணத்திற்குப் பத்து நாள்களுக்கு முன்பேனும் போட்டுக்கொள்ள வேண்டும். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் அதற்கான சான்றிதழ் கேட்கப்படும். பெருநகரங்களில் விலையுயர்ந்த பொருள்களை வெளியே தெரியும்படி வைத்திருப்பதும், இரவில் ஆளரவமற்ற தெருக்களில் தனியே நடப்பதும் தவிர்க்கத்தக்கன.

பிரேசிலின் ஆட்சிமொழி போர்த்துக்கீசியம். எனினும், தமிழறிந்த பயணி விடுதியில் நுழைந்தவுடன் சில சொற்களை அடையாளம் கண்டுகொள்வார். அறையின் திறவுகோலை அங்கு ‘ஷாவி’ என்பர். பலகணியை ‘ஜனெலா’ என்பர். உணவுண்ணும் பலகையை ‘மேசா’ என்பர். பதினாறாம் நூற்றாண்டு முதல் நம் கரைகளுக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழில் கலந்த சாவி, சன்னல், மேசை என்னும் சொற்களே அவை. சோறும் கறுப்பு அவரை வகையும் மரவள்ளி மாவும் அங்குள்ள அன்றாட உணவு. மரவள்ளி தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கிழங்கு. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதனைப் பயிரிட்டு, நச்சுத்தன்மை நீக்கி மாவாக்கும் முறையைக் கண்டறிந்தவர்கள் அம்மண்ணின் பழங்குடியினர்.

தெரியுமா?
1500ஆம் ஆண்டு இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட பெத்ரோ ஆல்வரெஸ் கப்ரால் என்பவரின் போர்த்துக்கீசியக் கப்பற்படை, ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரையைக் கண்டது. அதே படை அவ்வாண்டு செப்டம்பரில் கள்ளிக்கோட்டையை அடைந்தது. அன்னாசி, முந்திரி ஆகிய பயிர்கள் பின்னாளில் போர்த்துக்கீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தன.

மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு நகரம்

ரியோ டி ஜெனிரோ 1565ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1763 முதல் 1960 வரை பிரேசிலின் தலைநகராக விளங்கியது. குவானபாரா வளைகுடாவின் வாயிலில் 396 மீட்டர் உயரத்தில் நிற்கும் ‘சர்க்கரைக் குன்று’ என்னும் ஒற்றைப் பாறை, கப்பலில் வருவோர்க்கு நகரின் அடையாளமாகத் திகழ்கிறது. நகருக்குள்ளேயே சுமார் 700 மீட்டர் உயரமுள்ள கொர்கோவாதோ மலை எழுகிறது. அதன் உச்சியில் கைகளை விரித்து நிற்கும் 30 மீட்டர் உயர இயேசுநாதர் சிலை 1931ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. மலையும் கடலும் நகரமும் ஒன்றோடொன்று பிணைந்த இந்நிலக்காட்சியை யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கொர்கோவாதோ மலையைச் சூழ்ந்துள்ள திழூக்கா காட்டைக் காண்போர், அது தொன்றுதொட்டு அங்கிருக்கும் இயற்கைக் காடு என்றே எண்ணுவர். உண்மையில் அக்காட்டின் பெரும்பகுதி மனிதக் கைகளால் மீண்டும் வளர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைச்சரிவுகளில் காட்டை அழித்துக் காப்பித் தோட்டங்கள் அமைத்தனர். காடு மறைந்தது, ஓடைகள் வற்றின, நகரில் குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. காட்டுக்கும் நீருக்கும் உள்ள உறவைத் தாமதமாக உணர்ந்த பேரரசர் இரண்டாம் பெத்ரோவின் அரசு, 1861ஆம் ஆண்டு மலைநிலங்களை மீட்டு மரம் வளர்க்க ஆணையிட்டது. மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர் என்பவர் அப்பணிக்குத் தலைமை ஏற்றார். அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரம் கன்றுகள் நடப்பட்டன. ஓடைகளில் மீண்டும் நீர் ஓடியது.

இன்று 1,021 மீட்டர் உயரமுள்ள திழூக்கா சிகரத்திற்கு அக்காட்டின் வழியே நிழலிலேயே நடந்து செல்லலாம். அந்நிழலைத் தரும் காட்டில் முதற்கன்றுகளை நட்டவர்கள் ஆர்ச்சரின் கீழிருந்த சில அடிமைத் தொழிலாளர்கள். நகரின் தாகத்தைத் தீர்த்த அவர்கள் தம் உழைப்பின் பயனை உரிமையுடன் நுகரும் நிலையில் அன்று இல்லை.

மண்ணுக்கடியில் இருந்த துறை

ரியோவின் பழைய துறைமுகப் பகுதியில் வலோங்கோ என்னும் படகுத்துறை உள்ளது. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே, சாலை மட்டத்தினும் தாழ்வாக, ஒழுங்கற்ற கற்கள் பாவிய ஒரு சிறு தளம் அது. சிறப்பு அறியாதவர் நில்லாமல் கடந்துவிடுவர். ஆனால், ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மக்கள் இத்துறை வழியாகவே தென்னமெரிக்க மண்ணில் இறங்கினர்.

அட்லாண்டிக் அடிமை வணிகம் நடந்த மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில், 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் பிரேசிலில் இறக்கப்பட்டனர். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டிலும் இத்துணைப் பேர் இறக்கப்படவில்லை. கரும்புத் தோட்டம், பொற்சுரங்கம், காப்பித் தோட்டம் ஆகிய மூன்றும் அவர்தம் உழைப்பால் வளர்ந்தவையே. 1888 மே 13 அன்று இளவரசி இசபெல் கையொப்பமிட்ட சட்டத்தால் அடிமைமுறை ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களில் இறுதியாக அடிமைமுறையை ஒழித்த நாடு பிரேசில்.

வலோங்கோ துறையில் 1811ஆம் ஆண்டு கல்தளம் அமைக்கப்பட்டது. 1843ஆம் ஆண்டு, பேரரசருக்கு வாழ்க்கைப்பட்டு ஐரோப்பாவிலிருந்து வந்த தெரேசா கிறிஸ்தினாவை வரவேற்பதற்காக அத்தளத்தின்மீதே புதிய, அழகிய துறையைக் கட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் மண்ணால் மூடப்பட்டது. 2011ஆம் ஆண்டு துறைமுகச் சீரமைப்புப் பணிக்காகத் தோண்டியபோது அரசியின் துறையும் அதற்கும் கீழே அடிமைகளின் துறையும் வெளிப்பட்டன. 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்துறைக்கு அருகிலுள்ள ஒரு வீட்டை 1996ஆம் ஆண்டு புதுப்பிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. கப்பலில் வந்திறங்கி, விற்கப்படுவதற்கு முன்பே நோயாலும் பசியாலும் இறந்தோரைப் புதைத்த இடம் அது. இன்று அவ்வீடு அவர்களுக்கான நினைவிடமாக உள்ளது. கடற்கரைக் காட்சிகளைக் கண்டு களிக்கும் பயணி, ரியோவில் ஒரு நாளையேனும் இத்தெருக்களுக்கு ஒதுக்குதல் வேண்டும். பின்னர் அவர் நடக்கவிருக்கும் மலைப்பாதைகள் யாவும் இத்துறையிலிருந்தே பொருள் பெறுகின்றன.

மறக்கப்பட்டதால் பிழைத்த தீவும் ஊரும்

ரியோவிலிருந்து மேற்கே கடலோரச் சாலையில் சென்றால், ஒருபுறம் காடடர்ந்த மலைச்சரிவும் மறுபுறம் தீவுகள் நிறைந்த நீலக்கடலும் உடன்வரும். அத்தீவுகளுள் பெரியது இல்யா கிராண்டி. ‘பெரிய தீவு’ என்பதே அப்பெயரின் பொருள். கரையிலிருந்து படகில் சென்று அபிராவோ என்னும் சிற்றூரில் இறங்கலாம். பொதுமக்களின் மோட்டார் வாகனங்களுக்கு அங்கு இடமில்லை. காட்டைக் கடந்து மறுகரைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளே அத்தீவின் தெருக்கள். ஊளைக் குரங்குகளின் முழக்கம் காலையில் காடெங்கும் எதிரொலிக்கும்.

இத்தீவு கெடாமல் நின்றதற்குக் காரணம் வியப்புக்குரியது. நெடுங்காலம் இங்குச் சிறைச்சாலை இருந்தமையால் விடுதி கட்டுவோர் எவரும் வரவில்லை. பிரேசிலின் புகழ்பெற்ற புதின ஆசிரியர் கிராசிலியானோ ராமோஸ் 1936ஆம் ஆண்டு விசாரணையின்றிக் கைதுசெய்யப்பட்டு இத்தீவில் அடைத்துவைக்கப்பட்டார். அவர் எழுதிய சிறை நினைவுகள், அவர் மறைந்த 1953ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. 1994இல் சிறைக்கட்டடம் தகர்க்கப்பட்டது. மனிதருக்குத் துன்பம் தந்த இடம் மரங்களுக்கும் விலங்குகளுக்கும் காவலாக அமைந்தது.

மேலும் மேற்கே சென்றால், ரியோவிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் பராத்தி என்னும் துறைமுக ஊர் உள்ளது. வெள்ளைச் சுவர்களும் வண்ணம் தீட்டிய கதவுகளும் கொண்ட பழைய வீடுகள், உருண்டைக் கற்கள் பாவிய தெருக்கள், நான்கு தேவாலயங்கள் என ஊர் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்தை இழக்காமல் நிற்கிறது. முழுமதி, மறைமதி நாள்களில் கடல்நீர் ஏற்றத்தின்போது தெருக்களுக்குள் நுழைந்து வெளியேறும். அந்நீர் தெருவைக் கழுவிச் செல்லுமாறு தெருவின் நடுப்பகுதி தாழ்வாக அமைக்கப்பட்டுள்ளது.

பராத்தியும் மறக்கப்பட்டதால் பிழைத்த ஊரே. மேட்டுநிலத்தின் பொன் இத்துறைக்கு வந்தபோது ஊர் செழித்தது. ரியோவுக்கு நேர்வழி திறக்கப்பட்டபோது சரிந்தது. காப்பி வணிகத்தால் மீண்டும் எழுந்தது. 1870களில் ரியோவையும் சாவ் பாவ்லோவையும் இணைக்கும் இருப்புப்பாதை மலைக்கு அப்பால் அமைந்தபோது முற்றிலும் ஒதுக்கப்பட்டது. 1970களில் கடலோர நெடுஞ்சாலை வரும்வரை, இடித்துக் கட்டும் வசதி எவருக்கும் இன்மையால் பழைய வீடுகள் அவ்வாறே நின்றன. 2019ஆம் ஆண்டு பராத்தியும் இல்யா கிராண்டியும் சேர்ந்து உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றன.

பொன் இறங்கிய பாதை

பராத்திக்குப் பின்னால் எழும் மலைமீது, காட்டுக்குள் ஒரு கற்பாதை ஏறுகிறது. ‘பொன்வழி’ என்பது அதன் பெயர். முதலில் அது குவாயனா பழங்குடியினர் கடலுக்கும் மேட்டுநிலத்துக்கும் இடையே நடந்துசென்ற தடம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் உள்நாட்டில் பொன் கண்டறியப்பட்டதும், போர்த்துக்கீசியர் அத்தடத்தைத் தமதாக்கிக் கொண்டனர். கழுதைகள் வழுக்காமல் ஏறுவதற்காக அடிமைகளைக் கொண்டு கற்களைப் பாவினர்.

இன்று உள்ளூர் வழிகாட்டியுடன் அப்பாதையின் ஒரு பகுதியில் நடக்கலாம். மேலே அடர்ந்த இலைக்கூரை. கீழே பாசி படர்ந்த கற்கள். எங்கும் நீரின் ஒலி. பெருமழை பொழியும் சரிவில் மூன்று நூற்றாண்டுக் காலமாகியும் கற்கள் பெயராமல் இருக்கின்றன. பாதையின் குறுக்கே நீர் வழிந்தோட வடிகால்கள் அமைத்துள்ளமையே அதற்குக் காரணம். மழையின் போக்கையும் மண்ணின் இயல்பையும் நன்கு அறிந்தவர்களின் கைவண்ணம் அது. அவர்களுள் ஒருவரது பெயரும் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

முதுகில் பத்துக் கிலோ பையுடன் ஏறும் பயணிக்கு அரைமணி நேரத்தில் மூச்சு வாங்குகிறது. அவர் விரும்பும் இடத்தில் பையை இறக்கிவைக்கிறார், நீர் அருந்துகிறார், களைத்தால் திரும்பிவிடுகிறார். அக்கல்லைச் சுமந்து வந்தவருக்கு இம்மூன்றில் எதுவும் தம் விருப்பத்தால் அமையவில்லை. ஒரு பாதையின் வரலாற்றை அறிந்து நடப்பது என்பது இவ்வேறுபாட்டை உணர்ந்து நடப்பதேயாகும்.

கரும்பொன் நகர்

பாதை ஏறிச் சென்றடைந்த பொன்விளையும் நாடு இன்றைய மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம். ‘பொதுச் சுரங்கங்கள்’ என்னும் பொருள்படும் பெயர் அது. இன்றைய பயணி பேருந்தில் அங்குச் செல்கிறார். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் உயரமான அந்நாட்டின் குன்றுகளுக்கு இடையே ஓரோ பிரேத்தோ நகர் அமைந்துள்ளது. கருமை படிந்த பொன்மணிகள் ஆற்றில் கிடைத்ததனால் ‘கரும்பொன்’ என்னும் பெயர் பெற்றது. பிரேசிலிலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாக, 1980இல் இடம்பெற்ற இடம் இதுவே.

செங்குத்தான கற்தெருக்களில் ஏறி இறங்குகையில், ஒவ்வொரு குன்றின்மீதும் ஒரு தேவாலயம் தென்படும். அவற்றுள் புனித பிரான்சிசு தேவாலயத்தின் முகப்புச் சிற்பங்களைச் செதுக்கியவர் ‘அலெய்ஜாதிஞோ’ என்று அழைக்கப்பட்ட அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா. அவர் தந்தை போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞர். தாய் ஆப்பிரிக்க அடிமைப்பெண். கொடிய நோயால் கைகால்கள் சிதைந்த பின்னரும், உளியையும் சுத்தியலையும் கைகளில் கட்டிக்கொண்டு அவர் செதுக்கினார் என்பர். அருகிலுள்ள கொங்கோன்யாஸ் ஊரில் அவர் மாக்கல்லில் வடித்த பன்னிரு தீர்க்கதரிசிகளின் சிலைகள் இன்றும் திறந்தவெளியில் நிற்கின்றன.

நகரில் பழைய சுரங்கங்கள் சில பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. குனிந்தே செல்லக்கூடிய அக்குறுகிய குகைகளில் சில நிமிடம் நிற்பதே கடினம். அங்கு நாள்முழுதும் உழைத்தோர் குறித்துச் செவிவழிக்கதை ஒன்று வழங்குகிறது. அடிமைப் பெண்கள் தலைமுடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பொன்துகளைத் தேவாலய நீர்த்தொட்டியில் கழுவி, அப்பொன்னால் புனித எபிஜேனியா தேவாலயத்தை எழுப்பினர் என்பது அக்கதை. அது வரலாறு ஆயினும் கற்பனை ஆயினும், தாம் தோண்டிய பொன்னில் ஒரு துகளேனும் தம்முடையதாக வேண்டும் என்று விழைந்த மக்களின் உள்ளம் அதில் வெளிப்படுகிறது.

எடுத்த பொன்னில் ஐந்தில் ஒரு பங்கு போர்ச்சுகல் மன்னருக்கு வரியாகச் செல்ல வேண்டும். சுரங்கங்கள் வறண்ட பின்னரும் வரிநெருக்கடி குறையவில்லை. 1789இல் விடுதலை வேண்டித் திட்டமிட்டோர் காட்டிக்கொடுக்கப்பட்டனர். அவர்களுள் ‘திராதெந்திஸ்’ எனப்பட்ட ஜோவாகிம் ஜோசே தா சில்வா ஷாவியர் 1792 ஏப்ரல் 21 அன்று ரியோவில் தூக்கிலிடப்பட்டார். அந்நாள் இன்று பிரேசிலின் தேசிய விடுமுறை நாள்.

உச்சியிலிருந்து ஒரு பார்வை

ஓரோ பிரேத்தோவிலிருந்து தெற்கே திரும்பும் வழியில், ரியோவுக்கு வடக்கே, ‘செர்ரா தோஸ் ஓர்காவோஸ்’ மலைத்தொடர் உள்ளது. தேவாலய இசைக்கருவியான ஆர்கனின் குழாய்கள்போல அதன் பாறைகள் வரிசையாக எழுந்து நிற்பதால் இப்பெயர் பெற்றது. 1939இல் இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பெத்ரோபொலிஸ் நகரிலிருந்து தெரெசோபொலிஸ் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளும் மலைநடை, பொதுவாக மூன்று நாள்களில் முடிக்கப்படுகிறது. இதன் மிகவுயர்ந்த இடம் 2,275 மீட்டர் உயரமுள்ள ‘மணிப்பாறை’. செங்குத்துப் பாறைகளில் பதித்த இரும்புப்படிகளில் ஏற வேண்டிய இடங்களும், மூடுபனியில் வழிதவறக்கூடிய இடங்களும் உண்டு. ஆகவே, முன்பதிவும் தேர்ந்த வழிகாட்டியும் தேவை.

அழகுமிக்க இம்மலை இடருக்கும் உரியது. பாறையின்மீது மெல்லிய மண்போர்வையே உள்ளது. கோடைமழை தொடர்ந்து பொழிந்தால் அப்போர்வை மரங்களோடும் வீடுகளோடும் சரிந்துவிடும். 2011 ஜனவரியில் இம்மலைப்பகுதியின் நகரங்களில் ஏற்பட்ட நிலச்சரிவுகளிலும் வெள்ளத்திலும் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2022 பிப்ரவரியில் பெத்ரோபொலிசில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சமநிலத்தில் இடம் வாங்க இயலாத எளியோரே சரிவுகளில் வீடு கட்டி வாழ்கின்றனர். 1888இல் விடுதலை பெற்றோர்க்கு விடுதலையோடு நிலம் வழங்கப்படவில்லை என்பதை இங்கு நினைத்தல் தகும்.

வானம் தெளிந்த குளிர்கால நாளில், முதல்நாள் தங்கும் அசு மலையுச்சியிலிருந்து பார்த்தால், கீழே குவானபாரா வளைகுடாவும் அதன் கரையில் ரியோ நகரமும் தெரியும். இருள் சூழ்ந்ததும் நகரின் விளக்குகள் ஒளிரும். மேலே தென்சிலுவை விண்மீன் கூட்டம் தோன்றும். பயணி பையை இறக்கிவைத்து அமர்கிறார். கீழே தெரியும் அக்கரையில்தான் வலோங்கோ துறை உள்ளது. அவர் நிழலில் நடந்த காடும், ஏறிவந்த கற்பாதையும், வியந்து நின்ற தேவாலயமும் அத்துறையில் இறங்கியோரைப் போன்று அடிமைப்படுத்தப்பட்டோரின் உழைப்பால் உருவானவை.

பயணம் அறிவைத் தரும் என்பர். பார்த்த இடங்களின் எண்ணிக்கையால் மட்டும் அவ்வறிவு வருவதில்லை. நாம் எளிதாக நடக்கும் பாதையை யார், எந்நிலையில் அமைத்தனர் என்று கேட்கும்போது அது பிறக்கிறது. பிரேசிலின் மலைப்பாதைகள் தம்மீது நடப்போரிடம் அக்கேள்வியை எழுப்புகின்றன.

கற்பவை கற்றபின்

1. பிரேசிலின் நில அமைப்பு அதன் வணிக வழிகளை எவ்வாறு தீர்மானித்தது என்பதைப் படம் வரைந்து வகுப்பில் விளக்குக.
2. ‘மறக்கப்பட்டதால் பிழைத்த ஊர்’ என்னும் தொடரைப் பாடச் செய்திகளைக்கொண்டு நிறுவுக.
3. உங்கள் ஊரிலுள்ள பழைய பாலம், ஏரிக்கரை, சாலை ஆகியவற்றுள் ஒன்றை அமைக்க உழைத்தோர் குறித்து மூத்தோரிடம் கேட்டறிந்து, இரண்டு பக்க அளவில் கட்டுரை எழுதுக.